காவற்காடு இல்லாத கோட்டை



விடியற்காலையில் நந்தி மலைக்கு வண்டி எடுத்துக்கொண்டு போகாத பெங்களூர்க்காரர் இந்த அரங்கில் ஒருவரும் இருக்கமாட்டீர்கள். மூன்று மணிக்கு எழுந்து, ஸ்வெட்டர் மாட்டி, தேவனஹள்ளி தாண்டி, அடிவாரத்தில் வரிசையில் நின்று, மேலே ஏறி, மேகத்துக்கு மேலே சூரியன் வருவதைப் படம்பிடித்து, சூடாக ஒரு டீ குடித்துவிட்டு இறங்கி வருகிறோம். நானும் பல முறை அப்படிப் போனவன்தான். ஒரு நாள் பனி விலகவே இல்லை. கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் கலைந்தது. திரும்பி நடந்தபோதுதான் அத்தனை நாளும் முதுகு காட்டி நின்ற மதிலை நேருக்கு நேர் பார்த்தேன்.

மதிலின் அடியில், வெட்டுப்பட்ட ஒரு பாறை விளிம்பு. விளிம்பு நெடுகத் துளைகள், ஒன்றுக்கொன்று நாலு விரற்கடை இடைவெளியில், ஒரே வரிசையில். கல்லைப் பிளக்க உளியால் அடித்துப் போட்ட ஆப்புக்குழிகள். பாதிக் கல் பிளந்து மதிலுக்குள் போய்விட்டது. மீதிப் பாதி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே கிடக்கிறது. ஒவ்வொரு குழியிலும் மழைநீர். ஒன்றில் நெல்மணி அளவுக்குத் தலைப்பிரட்டைகள் நெளிந்துகொண்டிருந்தன. குழியின் சுவரில் பாசி, பாசியின் மேல் சுண்டுவிரல் நகம் அளவு பெரணிக் கன்று. கல்தச்சன் போருக்காக வெட்டிய குழியில் தவளை குஞ்சு பொரித்திருக்கிறது.

இன்று நான் பேச வந்தது அந்தக் குழியைப் பற்றித்தான். அது தொல்லியல் துறையுடையதா, வனத்துறையுடையதா? நம் நிர்வாகத்தில் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. விடை இல்லாததால்தான் இரண்டையும் இழந்துகொண்டிருக்கிறோம்.

முதலில் அந்த மதில் கண்ட போரைச் சொல்லிவிடுகிறேன். 1791 பிப்ரவரியில், மைசூர் மன்னர் திப்பு சுல்தானுக்கு எதிராக, கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் படை வேலூரிலிருந்து கிளம்பி, முகிலி கணவாய் ஏறி, கோலார் வழியாகப் பெங்களூருக்கு வந்தது. மார்ச் 7 அன்று பேட்டை விழுந்தது. மார்ச் 21 இரவு கோட்டை விழுந்தது. இன்று கே.ஆர். மார்க்கெட் அருகே மிஞ்சி நிற்கும் கோட்டைத் துண்டில், மதில் உடைக்கப்பட்ட இடத்தைக் காட்டும் கல் பதித்திருக்கிறார்கள். பேருந்துக்கு ஓடும் அவசரத்தில் அதைப் படித்தவர்கள் குறைவு. அந்தப் போரில் இறந்த வெள்ளைக்காரர்களுக்காக எழுப்பிய நினைவுத்தூண் 1964 வரை நின்றது, பிறகு இடித்தார்கள். அந்தத் தூணால் பெயர் பெற்ற சாலைதான் இன்றைய நிருபதுங்கா சாலை. தூணை இடித்ததில் எனக்கு வருத்தம் உண்டு. அது யாருடைய வெற்றியைக் கொண்டாடியது என்பது வேறு. அதன் பக்கத்திலேயே, இறந்த மைசூர் வீரர்களுக்கும் ஒரு கல் நட்டிருக்கலாம். ஒன்றை அழித்ததால் மற்றவர்களுக்கு நினைவுச்சின்னம் வந்துவிடவில்லை.

சமவெளிக் கோட்டை விழுந்தாலும் மலைக்கோட்டைகள் திப்புவிடமே இருந்தன. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போகும் படைக்கு முதுகில் அவை முள்ளாகக் குத்தின. அதனால் அந்த ஆண்டின் பிற்பாதி முழுவதும் மலை மலையாக முற்றுகை. நந்தி துர்க்கத்தைக் கம்பெனிப் படையின் மேஜர் கௌடி சூழ்ந்தார். மூன்று பக்கமும் செங்குத்து. ஏற முடிந்த ஒரே பக்கத்தில் இரட்டை மதில். பக்கத்துக் குன்றின் மேல் வழி வெட்டி பீரங்கிகளை ஏற்றினார்கள். அங்கிருந்து சுட்டால் மதிலுக்குச் சேதமில்லை. பிறகு மலையின் முகத்திலேயே பாறைகளுக்கு இடையில் பாதை வெட்டி, யானைகளைக் கொண்டு பீரங்கிகளை இழுத்து, மதிலுக்கு அருகே மேடை அமைத்தார்கள். அக்டோபர் 18 இரவு நிலா வெளிச்சத்தில் ஏறிப் பாய்ந்து, 19 விடிவதற்குள் பிடித்துவிட்டார்கள். ஏறியவர்களைத் தாக்கியதில் துப்பாக்கிக் குண்டைவிடப் பெரிய ஆயுதம் மேலிருந்து உருட்டிவிட்ட பாறைகள். மலையே காவல்காரனாக நின்று போரிட்டிருக்கிறது.

பாதை வெட்டியது யார்? கம்பெனியின் சென்னைப் படையில் வழி வெட்டவும் பாலம் போடவும் பயோனியர் என்ற பிரிவு இருந்தது. 1780இல் தொடங்கியது. தமிழும் தெலுங்கும் பேசும் ஊர்களில் திரட்டிய ஆட்கள்; கையில் கடப்பாரை, மண்வெட்டி, கோடரி. அவர்களின் வழிவந்த படைப்பிரிவுதான் இன்று அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். இன்றைக்கும் ராணுவத்தில் அவர்களைச் செல்லமாகத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனவே நந்தி மலைச் சரிவில் புதர்களுக்குள் எங்கேயாவது கல் அடுக்கிய பழைய தடம் கண்ணில் பட்டால், அது யாரோ ஒரு தளபதியின் சாதனையாக மட்டும் எனக்குத் தெரிவதில்லை. பெயர் எழுதப்படாத நம் தாத்தாக்களின் முதுகு வலியும் அதில் இருக்கிறது. மதிலுக்கு மேலே நின்று கல் உருட்டியவனும் நமக்கு அந்நியன் அல்ல. அவன் இந்த மண்ணின் உழவர் வீட்டுப் பிள்ளை. இரண்டு பக்கத்தையும் சேர்த்தே அந்தச் சரிவு ஞாபகம் வைத்திருக்கிறது.

இனி சாவனதுர்கா. மாகடிக்குப் பக்கத்தில், இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். 1,226 மீட்டர் உயரம், ஒரே கல். கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு உச்சி, கறுப்பு, வெள்ளை. இரண்டுக்கும் நடுவே பெரிய பிளவு. ஒன்றை இழந்தாலும் மற்றொன்றில் நின்று போரிடலாம் என்பது கோட்டைக்காரர்களின் கணக்கு. ஆனால் அவர்கள் மிகவும் நம்பியது கல்லை அல்ல, காட்டை. அடிவாரத்தைச் சுற்றி இயற்கையாக வளர்ந்த முட்காடு. போதாக்குறைக்கு, இடைவெளிகளில் மூங்கில் நட்டு வளர்த்து அடர்த்தியாக்கியிருந்தார்கள். அந்தக் காட்டின் காய்ச்சலே எதிரியைப் பாதியாகக் குறைத்துவிடும் என்ற நம்பிக்கையும் இருந்தது. டிசம்பர் 10இல் படை வந்து இறங்கியது. முதல் வேலை காட்டை வெட்டுவது. 21ஆம் தேதி கோட்டை விழுந்தது.

நம் முன்னோர் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். கோட்டையைச் சுற்றி வளர்க்கும் காட்டுக்குச் சங்கத் தமிழில் தனிச் சொல்லே உண்டு: மிளை. காவற்காடு என்பதும் அதுவே. வள்ளுவர் அரண் என்று ஓர் அதிகாரம் வைத்து, எது அரண் என்று சொல்லும்போது நீரையும் நிலத்தையும் மலையையும் நிழல் செறிந்த காட்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். மதிலைப் பற்றி அதற்கு அடுத்துத்தான் பேசுகிறார். பறம்பு மலையை மூவேந்தர் சூழ்ந்தபோது கபிலர் அவர்களிடம் எடுத்துச் சொன்னதும் மதிலின் உயரத்தை அல்ல. உழாமலே விளையும் மூங்கில் நெல்லும், பலாவும், வள்ளிக்கிழங்கும், தேனும் உள்ளவரை அந்த மலையை வெல்ல முடியாது என்றார். போரைப் பாடும் திணைகளுக்கே பூக்களின் பெயர்தான். கோட்டையைச் சூழ்பவன் சூடுவது உழிஞை, காப்பவன் சூடுவது நொச்சி. சாவனதுர்கா அடிவாரம் மாதிரியான ஓடைக்கரைகளில் நீல நிறத்தில் பூத்து நிற்குமே, சளிக்கு ஆவி பிடிக்க நம் வீட்டுப் பெண்கள் இலை பறிப்பார்களே, அதே நொச்சி.

இதை நான் இலக்கியச் சுவைக்காகச் சொல்லவில்லை. கோட்டை வேறு, காடு வேறு என்ற பிரிவு நம்முடையது அல்ல. அலுவலகங்கள் பிறந்தபோது பிறந்த பிரிவு அது. நந்தியையே பாருங்கள். அடிவாரத்தில் போகநந்தீஸ்வரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையிடம். சரிவுக்காடு வனத்துறையிடம். உச்சியில் உள்ள பூங்காவும் விடுதிகளும் நெடுங்காலம் தோட்டக்கலைத் துறையிடம். வாகனமும் கூட்டமும் சுற்றுலாவின் கணக்கில். ஒரே மலை. ஒரே மழை. நான்கு கோப்புகள்.

கோப்பு பிரிந்தால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். ஒரு குன்றுக்கோட்டையில் மதிலைச் சுத்தம் செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. கூலிக்கு வந்த பெண்கள் கொத்தியால் மதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பெரணி, பாசி, புல் எல்லாம் ஒரே குப்பைக் கூடையில். கல் இடுக்கிலிருந்து ஓர் ஓணான் வெளியே வந்து, எங்கே போவது என்று தெரியாமல் வெயிலில் நின்றது. பிறகு இடுக்குகளில் சிமெண்ட் பூசினார்கள். பூச்சு மினுமினுவென்று அழகாகத்தான் இருந்தது. இரண்டு மழைக்காலம் கழித்துப் போனேன். சிமெண்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, மதில் வயிறு தள்ளியிருந்தது.

இதில் நுட்பம் ஒன்றும் பெரிதில்லை. நம் கொத்தனார்களுக்குப் பழக்கமானதுதான். பழைய மதிலில் உள்ளது சுண்ணாம்புச் சாந்து. கடுக்காய், வெல்லம் ஊறிய நீர் விட்டு அரைத்தது. அது மூச்சு விடும். உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளே தங்கினால் மண் ஊதும், கல் நகரும். அதேபோலச் செடிகளிலும் வேறுபாடு பார்க்க வேண்டும். ஆலும் அரசும் அத்தியும் மதிலில் முளைத்தால் தயங்காமல் எடுக்க வேண்டும். அதுவும் கையளவு கன்றாக இருக்கும்போதே. வேர் தடித்த பிறகு பிடுங்கினால் கல்லோடு வரும். அப்போது மேலே வெட்டிவிட்டு வேரை உள்ளேயே மெல்ல மட்கவிட்டுச் சுண்ணாம்பு அடைக்க வேண்டும். ஆனால் மதில் தலையில் படரும் புல்லும் பாசியும் கெடுதல் செய்வதில்லை. பல இடங்களில் அவை மழையின் நேரடி அடியிலிருந்து மண்ணைக் காக்கின்றன. களைக்கொல்லி மருந்து அடிப்பது எல்லாவற்றிலும் மோசம். அது வழிந்து சுனைக்குப் போகும். முற்றுகைக்காலத்தில் வீரர்கள் குடித்த அந்தச் சுனையில்தான் இன்று காட்டுயிர்கள் குடிக்கின்றன.

என்ன உயிர்கள் என்று கேட்பீர்கள். மஞ்சள் தொண்டைச் சின்னான் என்று ஒரு பறவை. தென்னிந்தியாவின் பாறைக்குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அழியும் ஆபத்தில் இருப்பதாக உலகப் பட்டியலில் குறித்திருக்கிறார்கள். நந்திச் சரிவிலும் சாவனதுர்காவிலும் அது இருக்கிறது. பாறையும் முட்புதரும் சேர்ந்த இடம்தான் அதற்கு வேண்டும். புதரைச் ‘சுத்தம்’ செய்தால் போய்விடும்; பாறையை உடைத்தாலும் போய்விடும். நந்தி உச்சியில் ஒரு துண்டு ஈரக்காடு எஞ்சியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவையான நீலகிரி மரப்புறா, இவ்வளவு தூரம் தள்ளி, அந்தத் துண்டுக்காட்டில் வாழ்கிறது.

ராமநகரத்தில் ராமதேவர பெட்டா. ‘ஷோலே’ படம் எடுத்த பாறைகள் என்றால் உங்களுக்கு உடனே தெரியும். அந்தப் பாறை விளிம்புகளில் கருங்கழுத்துப் பாறு கூடு வைத்தது. 2012இல் அதைப் பாறு சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்குள் பறவைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி செத்த மாட்டின் உடல் வழியாகப் பாறுகளைக் கொன்றது. கால்நடைக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தபோது நாடு முழுவதும் பெரும் பங்கு அழிந்துவிட்டது. நம் பழம்பாடல்களில் பாறு வராத போர்க்களம் இல்லை. போர் நடந்த மலை இருக்கிறது, பாறுதான் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ராமநகரத்துப் பாறைக்கு நில இயலாளர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? க்ளோஸ்பெட் கிரானைட். 1799க்குப் பிறகு மைசூரில் கம்பெனியின் முதல் ரெசிடெண்டாக இருந்த பேரி க்ளோஸின் பெயரால் ராமநகரம் க்ளோஸ்பேட்டை ஆனது. ஊரின் பெயரால் கல் பெயர் பெற்றது. ஊர் தன் பெயரை மாற்றிக்கொண்டது. மாவட்டத்தின் பெயரும் 2025இல் பெங்களூரு தெற்கு ஆகிவிட்டது. 250 கோடி ஆண்டு வயதான கல்லில் மட்டும் அந்தப் படை அதிகாரியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போரும் நிலமும் இதைவிட நெருக்கமாகப் பின்னிய இடத்தை நான் அறியேன்.

போர் எச்சம் என்றால் மதிலும் பீரங்கியும் மட்டும் அல்ல. மலைநாட்டில் ஹொசநகரா அருகே நகரா என்ற பழைய தலைநகர். 2018 ஜூலையில் அங்கே ஒரு பாழ்கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் கிடைத்தன, திப்பு காலத்தவை. கிணற்றுச் சேற்றில் வெடிமருந்து வாடை அடித்ததுதான் முதல் துப்பு. யோசித்துப் பாருங்கள். அந்தக் கிணற்றை யாரும் ‘அழகுபடுத்தாமல்’ விட்டதால் அவை பிழைத்தன. சாந்து பூசி, கம்பி வேலி போட்டு, நீரூற்று வைத்திருந்தால்? நம் மலைகளில் எத்தனை சேறு இன்னும் பேசாமல் இருக்கிறதோ! புதையல் வெறியில் இரவில் தோண்டுகிறவர்கள் ஒரு பக்கம், நல்லெண்ணத்தில் மண்ணைச் சமன்செய்கிறவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாமவர்களுக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன். பகலில், அனுமதியோடு, இயந்திரத்தோடு வருகிறார்கள்.

வெளிநாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்? முதல் உலகப் போரில் இத்தாலியும் ஆஸ்திரியாவும் ஆல்ப்ஸ் மலைமேல் பனிக்குள் நின்று சண்டையிட்டன. இத்தாலி 2001இல் அந்தப் போரின் எச்சங்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. கோட்டைகள் மட்டும் அல்ல. பதுங்குகுழிகள், சுரங்கங்கள், படைகள் வெட்டிய மலைப்பாதைகள், சிப்பாய்கள் பாறையில் கீறிய எழுத்து வரை அதில் அடக்கம். படைகள் வெட்டிய பாதையும் மரபுச்சின்னம் என்று ஒரு நாடு எழுதி வைத்திருக்கிறது! நம் நந்தியின் பீரங்கித் தடத்துக்கு எந்தப் பட்டியலிலாவது அப்படி ஓர் இடம் வேண்டாமா? 2025 ஜூலையில் நம் செஞ்சி, மராட்டியக் கோட்டைகள் பதினொன்றோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தனித்தனிக் கோட்டைகளாக அல்ல, ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் ஏறியது. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திராயன் துர்க்கமும் நடுவில் உள்ள நிலமும் சேர்ந்துதான் செஞ்சி. அந்தக் கண்ணோடு நந்தியையும் சாவனதுர்காவையும் பார்க்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.

ஏன் அவசரம்? 2021 பிப்ரவரியில் சிக்கபள்ளாப்பூர் அருகே ஹிரேநாகவல்லியில் கல்குவாரி ஜெலட்டின் வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இரவு மழையில் நந்தி மலைச் சரிவு சரிந்து சாலையை அடைத்தது. மேலே போனவர்கள் இறங்க முடியாமல், கீழே இருந்தவர்கள் ஏற முடியாமல் நின்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெடிமருந்து இந்தக் குன்றுகளை இன்னும் விடவில்லை. 1791இல் சில வாரம் வெடித்தது. இப்போது ஆண்டு முழுவதும் வெடிக்கிறது. ஒரு பீரங்கிக்குண்டு மதிலில் குழி போட்டது. குவாரி முழுக்குன்றையே லாரியில் ஏற்றிவிடுகிறது.

நந்திக்கு ரோப் காரும் வருவதாக 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். எதற்கெடுத்தாலும் எதிர்ப்பவன் அல்ல நான். முழங்கால் வலிக்கிற பெரியவர்கள் மலை பார்க்க வேண்டாமா? வேண்டும். ஆனால் கம்பித் தூண் எந்தப் பாறையில் நிற்கப்போகிறது, மேல் நிலையம் எந்த மரத்தடியில் வரப்போகிறது என்பதை வரைபடத்தில் முதலில் காட்டுங்கள். ரோப் கார் வந்தால் மேலே போகும் கார்களை நிறுத்துவீர்களா, அல்லது காரும் ரோப் காரும் சேர்ந்து இரட்டைக் கூட்டமா? ஒரு நாளைக்கு மேலே எத்தனை பேர் என்று உச்சவரம்பு உண்டா? இந்த மூன்றுக்கும் விடை எழுத்தில் வந்தால் நான் ஆதரிப்பேன். வராதவரை எதிர்ப்பேன்.

தமிழர்களான நமக்கு இதில் என்ன உரிமை, நாம் வெளியூரிலிருந்து வந்தவர்கள்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். உரிமையை விடுங்கள், உறவைச் சொல்கிறேன். நந்தி மலைப்பகுதியில் விழும் மழையின் ஒரு பங்கு பாலாறாகி வேலூருக்குப் போகிறது. ஒரு பங்கு தென்பெண்ணையாகி, ஓசூர், கிருஷ்ணகிரி, திருக்கோவிலூர் கடந்து கடலூரில் கடலில் சேர்கிறது. இன்னொரு பங்கு அர்க்காவதியாகி, சாவனதுர்கா பக்கமாக வந்து, மேகதாதுவுக்கு அருகே காவிரியில் கலந்து தஞ்சைக்குப் போகிறது. நந்திச் சரிவில் மரம் வெட்டினால் ஓசூர் அருகே உள்ள கெலவரப்பள்ளி அணைக்கு மண் போகும். கன்னட நண்பர்கள் இதற்காகப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். அவர்கள் பக்கத்தில் போய் நிற்க நமக்கு அழைப்பிதழ் வேண்டியதில்லை.

நான் கேட்பது ஒரே ஒரு வரைபடம். பீரங்கித் தடம், மேடை இருந்த இடம், உடைந்த மதில், சுனை, ஆப்புக்குழி, பாறுகளின் பழைய கூட்டு விளிம்பு, சின்னான் இருக்கும் புதர், ஈரக்காட்டின் எல்லை, எல்லாம் ஒரே தாளில். நான்கு துறைகளும் அந்த ஒரே தாளைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மதிலில் கைவைக்கும் முன் பறவை தெரிந்த ஒருவர் வந்து பார்க்க வேண்டும். கன்று நடும் முன் கல்வெட்டு தெரிந்த ஒருவர் வந்து பார்க்க வேண்டும். கூடு வைக்கும் மாதங்களில் கொத்தியும் சாரமும் வேண்டாம்.

அந்தத் தாளின் முதல் மூலையை நாமே தொடங்கலாம். மழை ஓய்ந்த பிறகு வரும் முதல் ஞாயிறு, வனத்துறையிடம் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு, சாவனதுர்கா அடிவாரத்தில் நடக்கிறோம். உச்சிக்கு ஏறப்போவதில்லை, காவற்காடு இருந்த வளையத்தைச் சுற்றி மட்டும். ஒரு நோட்டு, பென்சில், தண்ணீர் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். மூங்கில் புதர் கண்டால் இடத்தைக் குறிக்கலாம். அடுக்கிய கல் கண்டால் அளந்து எழுதலாம். இரும்புத்துண்டு கிடைத்தால் தொடாமல் படம் மட்டும் எடுப்போம். பெயர் தர விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் தம்பியிடம் எழுதிக் கொடுங்கள்.